எண்ணூறுக்கு மேல் கோடு இல்லை

பிப்ரவரி 9

என் அருமை மருமகளுக்கு உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் எனக்கு இங்கேயே மூக்கில் வேர்த்திருக்கும்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். மூன்று வயதில் பலூனை என் வாயில் திணித்து, எத்தனை மூச்சில் நிரம்புகிறது என்று விரல் விட்டு எண்ணினாய். "பாரு, இவ பெரிய ஆஸ்பத்திரியில உட்கார்ந்து ஊரார் மூச்சை எண்ணப் போறா" என்று அப்போதே சொன்னேன். உன் அத்தை சாட்சி. அவள் மறந்திருப்பாள், இருந்தாலும் சாட்சி. இப்போது நெஞ்சு நோய்ப் பிரிவில் ஊதும் மெஷின் உன் பொறுப்பு என்று செய்தி வந்ததும் பேக்கரியில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பன் கொடுத்தேன். பன் முதலாளியுடையது, மனசு என்னுடையது.

மாமா போனே எடுப்பதில்லை என்று வருத்தப்பட்டாயாம். போனில் பேசுவது காற்றோடு போய்விடும் கண்ணு, கடிதம் நிற்கும். நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். எட்டும் எட்டும் பதினாறு. பட்டதாரிக்கு ஒரு வருஷம் மேலே. எழுத்துக்கா பஞ்சம்?

பேக்கரியில் மாவுப் பகுதி இன்னும் என் கையில்தான். விடிகாலை நாலு மணிக்கு ஐம்பது கிலோ மூட்டையைக் கத்தியால் ஒரே கீறல், தோளில் ஏற்றி மிக்ஸர் தொட்டியில் ஒரே கவிழ்ப்பு. வெள்ளையாக மேகம் எழும்பும். அதற்குள் நான் நிற்பேன், சொர்க்கத்தில் நிற்பதுபோல. மேசையில் சிந்திய மாவை ஒரே ஊதில் வாசல் வரைக்கும் அனுப்புவேன். என்னைப் 'புயல்' என்று கூப்பிடுவது சும்மாவா?

இங்கே அனைவரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் மாமன்

*

பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா போன பிறகு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தது நீங்கள். பள்ளிக்கூடத்தில், வகுப்பாசிரியர் முகம் கோணும் அளவுக்கு என்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டதும் நீங்கள். இந்த வேலைக்கான உத்தரவைக் கையில் வாங்கியபோது முதலில் உங்கள் முகம்தான் வந்தது.

என் அறை சின்னது. ஒரு நாற்காலி, ஒரு கணினி, அதோடு இணைத்த குழாய், ஜன்னலில் ஒரு செடி. வருகிறவர் மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முழுசாக இழுத்து, குழாயில் ஊத வேண்டும். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று நாள் முழுக்கக் கத்துகிறேன். சாயங்காலம் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

ஒன்று கேட்கவா? போன வாரம் அத்தையிடம் போனில் பேசியபோது பின்னால் யாரோ விடாமல் இருமினார்கள். யார் என்றேன். "ரேடியோ" என்றார் அத்தை. நான் ஊருக்குக் கிளம்பிய அன்று, பஸ் நிலையம் போகும் வழியில் நீங்கள் மூன்று இடத்தில் நின்றீர்கள். ஒவ்வொரு தடவையும் செருப்பு வார் அறுந்துவிட்டதா என்று பார்த்தீர்கள். செருப்பு புதுசு மாமா.

உங்கள் அன்பு மருமகள்

*

மார்ச் 17

மருமகளுக்கு ஆசிகள். பதில் தாமதம், இங்கே வேலை தலைக்கு மேலே.

ரேடியோவைப் பற்றிக் கேட்டாய். பழைய ரேடியோ, அதற்குச் சளி. செருப்பு விஷயத்தில் நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம். அதையும் நான் முன்னமே சொல்லியிருக்கிறேன்.

பொது அறிவுக்காக ஒன்று கேட்கிறேன். பேக்கரியில் ஒருவர் இருக்கிறார். பேர் வேண்டாம். மாலையில் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். மூச்சு விட்டால் பூனைக்குட்டி கத்துகிற சத்தம். ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். முடிவெட்டுகிறவர் கத்திரியைக் காதருகே நிறுத்தி, "இது காசம்ண்ணே, சந்தேகமே இல்ல" என்றார். முதலாளி, "சிகரெட்டை விடுய்யா" என்றார். அந்த ஆள் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர், "வயசு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார், அவர் எடுக்கும் அளவு மாதிரியே.

எந்த நோய் எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? அந்த ஆளுக்குச் சொல்லத்தான். எனக்கு மலையைத் தூக்குகிற உடம்பு.

மாமன்

*

மார்ச் 22

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். 'அந்த ஆளும்' நலமாக இருக்க வேண்டும்.

ரொட்டிக்காரருக்குச் சொல்வதால் ரொட்டியை வைத்தே சொல்கிறேன். ஒரு ரொட்டியை அறுத்தால் உள்ளே பொடிப் பொடி ஓட்டைகள். நுரையீரலும் அப்படித்தான். அந்த ஓட்டைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகக் கிளை கிளையாகக் குழாய்கள். நிமோனியா என்றால் ஓட்டைகளில் ஈரம் தேங்கிவிடும், நடுவில் வேகாத ரொட்டி மாதிரி. காசம் என்றால் கிருமி உள்ளே இருந்து அரிக்கும். வருஷக்கணக்காகப் புகை பிடித்தால் சின்ன ஓட்டைகளின் சுவர் உடைந்து பெரிய பொந்தாகும், அதிகமாகப் புளித்து அமுங்கிய மாவு போல. அது பழையபடி ஆகாது. கல் உடைக்கிறவர்களுக்குத் தூசி படிந்து தழும்பேறி, ரொட்டி ரஸ்க் ஆகிவிடும். ஆஸ்துமாவில் ரொட்டிக்கு ஒன்றுமில்லை, குழாய்கள்தான் வீங்கிச் சுருங்குகின்றன. மருந்து போனால் திறக்கும். அதனால்தான் பூனைக்குட்டிச் சத்தம் வந்துபோகும்.

வெளியே இருந்து பார்த்தால் எல்லாமே இருமல்தான். அதனால் டாக்டர் முதலில் கேள்வி கேட்பார், முதுகில் குழல் வைத்துக் கேட்பார். எக்ஸ்ரே எடுப்பார்கள், சளியைச் சோதிப்பார்கள். பிறகு ஊதச் சொல்வோம்; மருந்தை இழுக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வோம். இரண்டாவது ஊதல் நன்றாக ஏறினால் அது ஆஸ்துமா பக்கம்.

ஆனால் எல்லா மெஷினையும் விட முக்கியம் அந்த ஆள் உண்மையைச் சொல்வது. அவரிடம் கேளுங்கள்: லீவு நாளில் இருமல் குறைகிறதா?

அவரை உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். கூடவே அத்தையும் போகட்டும்.

மருமகள்

*

ஏப்ரல் 19

மருமகளுக்கு மாமன் எழுதுவது. சுகம், அதுவும் சர்க்கார் முத்திரை குத்தின சுகம்!

பேக்கரியில் அடுப்பு விரிசல் விட்டு, புதுச் செங்கல் வைக்கப் பதினைந்து நாள் மூடியிருந்தோம். சும்மாதானே இருக்கிறோம் என்று பன்னிரண்டாம் நாள் நானே நெஞ்சு டாக்டரிடம் போனேன். (உன் அத்தை என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள் என்பது தற்செயல்.) எக்ஸ்ரே கண்ணாடி மாதிரி சுத்தம். சளியில் கிருமி இல்லை. முடிவெட்டுகிறவர் இனி வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம். ஊதும் அறையில் மூக்கைக் கிளிப்பால் கவ்வினார்கள். துணி காயப்போடுகிற இடுக்கி மாதிரி. ஊதினேன் பார், கணினியில் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் பெண் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "வயசுக்குச் சரியா இருக்கு" என்றார் டாக்டர். அதாவது அசாதாரணம் என்று அர்த்தம்.

"வேலை நாள்ல இருமல் கூடுதா?" என்று கேட்டார்.

"வேலை பார்த்தாத்தான் டாக்டர் எனக்கு ஆரோக்கியமே" என்றேன்.

அத்தை என் காலை மிதித்தாள். நானும் டாக்டரும் சிரித்துவிட்டோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

ஆக, உன் கவலையை மூட்டை கட்டு.

மாமன்

*

ஏப்ரல் 26

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் இதைப் படிக்கும்போது பேக்கரி திறந்திருக்கும்.

பன்னிரண்டு நாள் மாவு மூட்டையே திறக்காமல் ஊதியிருக்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் குழாய்கள் லீவில் இருந்தன மாமா. மழை இல்லாத நாளில் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்த மாதிரி. ரொட்டி சுடுகிறவர்களுக்கு மாவுத் தூசியே ஆஸ்துமாவைக் கிளப்பும். இருபது வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்த மாவு திடீரென்று ஒரு நாள் பகையாகலாம். தெரியாமல் அதிலேயே நின்றால், பிறகு மாவை விட்டாலும் நோய் விடாது.

இத்துடன் ஒரு சின்னக் குழாய் அனுப்பியிருக்கிறேன். நின்றுகொண்டு, மூச்சை நிறைய இழுத்து, வேகமாக ஒரே ஊது. முள் நிற்கிற இடத்தில் நம்பர். மூன்று தடவை ஊதி, அதில் பெரியதை எழுதுங்கள். எழுந்ததும், வேலை நடுவில், வேலை முடிந்து, படுக்குமுன். மூன்று வாரம், லீவு நாளும் சேர்த்து. கட்டம் போட்ட தாளும் வைத்திருக்கிறேன்.

முள் சொல்வதை மட்டும் எழுதுங்கள். அது சொல்லாததை வேண்டாம்.

மருமகள்

*

மே 24

மருமகளே, நலம், நலமறிய ஆவல்.

தாள் இத்துடன். கண்ணைக் கழுவிவிட்டுப் பார். முதல் நாள் எழுநூற்று நாற்பது. மறுநாள் எழுநூற்று எண்பது. இரண்டாம் வாரம் எண்ணூறு. கடைசி ஞாயிறு எண்ணூற்றுப் பத்து! மூட்டை சுமக்கச் சுமக்க ஏறுகிறது. உலகத்தில் முதல் தடவையாக மாவு ஒரு மனுஷனைக் குணப்படுத்தியிருக்கிறது என்று உன் டாக்டரிடம் சொல். பேப்பரில் போடுவதானால் என் நல்ல போட்டோ ஒன்று இருக்கிறது.

மாமன் (புயல்)

*

மே 30

மாமாவுக்கு,

அந்தக் குழாயில் எண்ணூறுக்கு மேல் கோடு இல்லை.

எங்கள் பெரிய டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "உங்க மாமா மனுஷனா, துருத்தியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்பரை ஏற்றி எழுதினால் மூச்சு ஏறாது மாமா.

அம்மாவும் யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னாளாம். அத்தை சொல்லியிருக்கிறார். அவளை ஊதச் சொல்லவோ படம் எடுக்கவோ யாருமில்லை. நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அதனால்தான். தினம் இருபது பேருடைய மூச்சைச் சரியாக எழுதி வைக்கிறேன். என் சொந்த மாமாவுடையது மட்டும் என்னிடம் இல்லை.

நலம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நலம் என்பீர்கள்.

*

ஜூலை 4

மருமகளுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் போடவில்லை. வேலை என்று எழுதலாம், எழுதவில்லை.

இந்த உறையில் காலண்டரில் கிழித்த தாள்கள் இருபத்தொன்று இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் நாலு நம்பர். நான் ஊதும்போதெல்லாம் உன் அத்தை பின்னால் நின்று முள்ளைப் பார்த்து, எனக்குத் தெரியாமல் குறித்து வைத்திருக்கிறாள். கட்டிய புருஷன் மேல் அவ்வளவு நம்பிக்கை! நேற்று அலமாரியில் துழாவும்போது கண்டுபிடித்தேன். கேட்டால் மழுப்புகிறாள். நீயும் அவளிடம் கேட்காதே, கூச்சப்படுவாள்.

நான் எழுதியது தப்பு. இதுதான் சரி.

பூனைக்குட்டி இப்போது காலையிலும் கத்துகிறது.

மாமன்

*

ஜூலை 11

அன்புள்ள மாமாவுக்கு,

தாள்களை மேசையில் தேதி வரிசையில் பரப்பினேன். பார்த்தவுடன் தெரிந்தது. லீவு நாளில் நானூற்று எழுபது, நானூற்றுத் தொண்ணூறு. வேலை நாளில், மூட்டை கவிழ்த்து இரண்டு மணி நேரத்தில் முந்நூற்று நாற்பது. வாரக் கடைசியில் முந்நூற்றுப் பத்து. ஞாயிறு வந்ததும் மறுபடி ஏறுகிறது. எக்ஸ்ரேயும் அங்கே நீங்கள் ஊதின பெரிய மெஷினும் காட்டாததை இந்தக் காலண்டர் தாள் காட்டிவிட்டது. பெரிய டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை எழுதினவங்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்மா" என்றார். அங்கிருக்கும் டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தாள்களோடு சேர்த்து அனுப்புகிறேன். உடனே போங்கள். இது ஆரம்பக் கட்டம். இப்போது மாவை விட்டு விலகினால் நுரையீரல் உங்களை மன்னித்துவிடும்.

நீங்கள் தந்த சோறு, படிப்பு, பீற்றல் எல்லாவற்றுக்கும் நான் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இந்த இருபத்தொரு தாள் வந்ததில் எனக்குத்தான் மறுபடியும் கடன் கூடிவிட்டது. அத்தைக்கு ஒரு சால்வையும், நன்றி சொல்லித் தனிக் கடிதமும் அனுப்பியிருக்கிறேன். கேட்காதே என்றீர்கள், கேட்கவில்லை. நன்றிதான் சொல்லியிருக்கிறேன்.

தாள்களின் ஓரத்தில் மாவு ஒட்டியிருந்தது. தட்டிவிட்டுத்தான் டாக்டரிடம் கொடுத்தேன்.

உங்கள் மருமகள்

*

செப்டம்பர் 12

என் அருமை மருமகளுக்கு உன் தாய்மாமன் எழுதுவது. நலம். இந்தத் தடவை முள்ளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எது எனக்குப் பகை என்று பார்க்க, டாக்டர் என் முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து ஊசியால் லேசாகக் கீறினார். தூசிச் சொட்டு, பூனைமுடிச் சொட்டு எல்லாம் சும்மா கிடந்தன. கோதுமை மாவுச் சொட்டு வைத்த இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் தடித்தது. இருபத்தாறு வருஷம் நான் தோளில் தூக்கிச் சுமந்த மாவு! "நன்றி கெட்டதே" என்று அதைத் திட்டினேன். பிறகு யோசித்தால், உன்னைப் படிக்க வைத்ததும் அதே மாவுதான். திட்டை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

காலையும் மாலையும் மருந்தை இழுக்கிறேன், வாய் கொப்பளிக்கிறேன். டாக்டர் சீட்டை முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "புயலு, நாலு தெரு தள்ளி இருக்கிற விற்பனைக் கடைக்குப் போயிடு. அங்க சுட்டுக் கட்டின ரொட்டிதான் வரும், மாவு வராது" என்றார்.

"அங்க எனக்கு என்ன வேலை?"

"வர்றவங்ககிட்ட பேசணும்."

"அவ்வளவுதானா?"

"நடுவுல மூச்சு விடுய்யா, அது போதும்."

மாவுப் பகுதியில் இப்போது மூட்டையை மெதுவாகச் சரித்துக் கொட்டுகிறார்கள், தூசி இழுக்கும் மெஷின் வைத்தாகிவிட்டது, எல்லோரும் முகமூடி. மற்றவர்களையும் ஊத வைத்தார்கள். அடுப்புக்காரருக்கும் லேசாக ஆரம்பித்திருந்ததாம். அவர் பெண்டாட்டி வீடு தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'நான் அன்றைக்கே சொன்னேன்' என்று பீற்றாமல், உட்கார வைத்து டீ கொடுத்தேன். எனக்கே ஆச்சரியம்.

இனி அந்தச் சால்வை விஷயம்.

உன் கடிதத்தை அத்தை கண்ணாடி தேடி எடுத்து இரண்டு தடவை படித்தாள். "நான் எப்பங்க நம்பர் எழுதினேன்? எனக்கு அந்தக் குழாயில கோடே தெரியாதே" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "உங்களைத்தான் கேட்கிறேன்" என்றாள். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

மருமகளே, அத்தை எழுதவில்லை. நான்தான் எழுதினேன்.

முதல் நாள் காலையில் மூன்று தடவை ஊதினேன். முந்நூற்று எண்பது. புயலுக்கு முந்நூற்று எண்பது! உன் கட்டத் தாளில் எழுநூற்று நாற்பது என்று மை பேனாவில் எழுதிவிட்டு, காலண்டரைக் கிழித்துப் பின்னால் பென்சிலில் உள்ளதை எழுதி சட்டைப் பையில் போட்டேன். அப்படியே இருபத்தொரு நாள். பேக்கரியில் மாவுக் கையோடு எழுதினேன். நீ தட்டிவிட்டது அந்த மாவுதான் என்று உனக்கும் தெரியும், நீ தெரிந்துகொண்டது எனக்கும் தெரியும். சாட்சிக்கு எப்போதும் உன் அத்தைதானே வழக்கம். அந்தப் பழக்கத்தில் அவளை இழுத்துவிட்டேன். சால்வையை அவளே வைத்துக்கொள்ளட்டும், காலரைப் பிடித்து இழுத்துப் போனதற்கு.

ஏன் இரண்டு கணக்காக எழுதினேன் என்று கேட்பாய். உன் அம்மா இருமியபோது, "சளிதான் அக்கா, அடுத்த மாசம் ஓடிப்போயிடும்" என்று அடித்துச் சொன்னவன் நான். என் வாக்கு பலிக்காமல் போனது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு சின்னதும் பெரியதுமாக எல்லாவற்றையும் முன்னமே சொன்னதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நெஞ்சில் முதல் தடவை பூனைக்குட்டி கத்தியபோது இது சளியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனில் நீ அதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் கடிதம் ஆரம்பித்தேன். கடிதம் நிற்கும் என்பதெல்லாம் பிற்பாடு ஜோடித்தது. உனக்கு மறுபடி ஒரு இருமலைக் காட்டப் பயம். ஆனால் நீ கேட்டு நான் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அதுதான் பென்சில்.

உன் பெரிய டாக்டர் சொன்ன வணக்கம் யாருக்குச் சேர வேண்டும் என்று இப்போது அவரிடம் சொல்லலாம். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. என்னை நிமிர்ந்து மூச்சு விட வைத்தது நீ. என் அக்கா இருந்திருந்தால் உன்னைப் பற்றி என்னைவிட அதிகமாகப் பீற்றியிருப்பாள், நான் பக்கத்தில் நின்று தலையாட்டியிருப்பேன்.

இன்று காலை ஊதியது: நானூற்று எண்பது, ஐந்நூற்றுப் பத்து, நானூற்றுத் தொண்ணூறு. மூன்றையும் எழுதியிருக்கிறேன். நடுவில் இருப்பதுதான் பெரியது, அதன் மேல் ஒரு கோடுகூட நான் ஏற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு கண்ணு. எடுக்கிறேன்.

உன் மாமன்